பெட்டிக்குள் இல்லாத பாகம்

1975-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்பகர்க்கி நகரிலிருந்து, மிட்ஸ் என்ற சிறு நிறுவனம் அமெரிக்கா முழுவதும் அட்டைப்பெட்டிகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு பெட்டியின் விலை 400 டாலருக்குச் சற்றுக் குறைவு. பிரித்தால் உலோகத் தகடுகள், சர்க்யூட் பலகைகள், பொட்டலம் பொட்டலமாக ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள், கூடவே இன்டெல் 8080 என்ற சிப். சாலிடரிங் கோலைச் சூடேற்றிப் பல இரவுகள் உட்கார்ந்தால் ஆல்டேர் 8800 என்ற கணினி உருவாகும். உருவான பிறகும் அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள், சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். நினைவகம் 256 பைட். இன்றைய யூனிகோடு முறையில் எழுதினால் இந்தப் பத்தியின் முதல் வாக்கியம்கூட அதில் அடங்காது.

அந்தப் பெட்டியை உலகுக்கு அறிமுகப்படுத்தியதே ஒரு பத்திரிகைதான். ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ மாத இதழின் 1975 ஜனவரி அட்டையில் ஆல்டேர் கம்பீரமாக வீற்றிருந்தது. உண்மையில் அந்தப் படத்தில் இருந்தது வெறும் கூடு. முதல் மாதிரி நியூயார்க் போகும் வழியில் தொலைந்துபோனதால், காலிப் பெட்டி ஒன்றில் விளக்குகளையும் சுவிட்சுகளையும் பொருத்திப் படம் எடுத்துவிட்டார்கள். ஹார்வர்டு சதுக்கத்துப் பத்திரிகைக் கடையில் அந்த இதழைப் பார்த்த பால் ஆலன், அதை எடுத்துக்கொண்டு நண்பர் பில் கேட்ஸிடம் ஓடினார். மைக்ரோசாஃப்ட்டின் கதை அந்தக் காலிப் பெட்டியின் படத்திலிருந்துதான் தொடங்குகிறது.

வாங்கியவரின் பாடு பெட்டியைப் பூட்டி முடித்த பிறகுதான் ஆரம்பம். ஒரு கட்டளை கொடுக்க வேண்டுமானால் எட்டு சுவிட்சுகளைக் கீழே, கீழே, மேலே, மேலே, மேலே, மேலே, மேலே, கீழே என்று வைத்து, ‘டெபாசிட்’ சுவிட்சைத் தட்ட வேண்டும். 00111110 உள்ளே போகும். ‘அடுத்து வரும் எண்ணை எடுத்து வைத்துக்கொள்’ என்று சிப்புக்கு அது சொல்கிறது. அந்த எண்ணுக்கு இன்னொரு முறை எட்டு சுவிட்சுகள், இன்னொரு தட்டு. இரண்டு எண்களைக் கூட்டுவதற்கே இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. நடுவில் மின்சாரம் ஒரு நொடி போனால் அத்தனையும் போச்சு.

தப்பாகிவிட்டால் யாரிடம் கேட்பது? பழுதுபார்க்க ஆள் இல்லை. மென்பொருளைக் கடையில் வாங்கும் வழக்கம் அப்போது வந்திருக்கவில்லை. அதே ஊரில் இன்னொருவரிடம் அதே பெட்டி இருக்குமா என்பதும் சந்தேகம். சர்க்யூட் வரைபடம், நிரல், நிரலைச் சேமிக்கும் வழி, எது நல்ல சிப் எது மட்டம் என்ற விவரம், உதிரி கிடைக்கும் விலாசம் எல்லாம் சேர்ந்தால்தான் அந்த இயந்திரம் முழுமையாகும். பெட்டிக்குள் இல்லாத அந்தப் பாகத்தை அடுத்த பத்தாண்டுகளுக்கு மாதாமாதம் அச்சிட்டுக் கொடுத்தவை கணினி இதழ்கள். அவற்றில் தலையாயது ‘பைட்’.

இந்தத் தேவையை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர் வெய்ன் கிரீன். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பீட்டர்பரோ என்ற சிற்றூரில் இருந்துகொண்டு ‘73’ என்ற அமெச்சூர் ரேடியோ இதழை நடத்தி வந்தவர். கலைஞர்கள் தங்கி எழுதும் மெக்டவல் விடுதிக்கும், ‘அவர் டவுன்’ நாடகத்துக்கு தார்ன்டன் வைல்டர் முன்மாதிரியாகக் கொண்ட ஊர் என்பதற்கும் பெயர்போன இடம் அது. கணினிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அமெச்சூர் ரேடியோ உலகத்தின் பழக்கம் ஒன்று கிரீனிடம் ஊறிப்போயிருந்தது: வாசகர்தான் அங்கே எழுத்தாளர். ஒருவர் வீட்டில் கட்டிய சர்க்யூட்டை வரைந்து அனுப்புவார். அச்சில் வந்ததும் மற்றவர்கள் அதைக் கட்டிப் பார்த்து, இந்த ரெசிஸ்டர் மதிப்பு தப்பு, அந்தக் கம்பி இடம் மாறியிருக்கிறது என்று கடிதம் போடுவார்கள். அடுத்தடுத்த இதழ்களில் சர்க்யூட் தேறிவிடும்.

பாஸ்டன் பக்கம் கார்ல் ஹெல்மர்ஸ் என்ற இளைஞர், வீட்டுக் கணினி கட்டுவது பற்றித் தனியாளாகச் செய்திமடல் ஒன்றை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். கிரீன் அவரை அழைத்து ஆசிரியராக்கினார். 1975 செப்டம்பரில் முதல் இதழ் வந்தது. விலை ஒன்றரை டாலர். ‘கணினி: உலகின் மகத்தான விளையாட்டுச் சாமான்!’ என்ற பொருளில் அட்டையில் ஒரு வரி. உள்ளே எந்த மைக்ரோபிராசசரை வாங்கலாம் என்று ஒரு கட்டுரை. பழைய பலகைகளிலிருந்து சிப்புகளைச் சேதமில்லாமல் கழற்றி மறுபடி பயன்படுத்துவது எப்படி என்று இன்னொன்று. எங்கிருந்தோ மலிவாகக் கிடைத்த, விவரம் தெரியாத விசைப்பலகையின் கம்பிகள் எது எதற்கு என்று கண்டுபிடிக்க ஹெல்மர்ஸின் வழிகாட்டி. சொந்தமாக அசெம்பிளர் எழுதுவது பற்றி டான் ஃபில்ஸ்ட்ரா எழுதிய கட்டுரை. இந்த ஃபில்ஸ்ட்ராதான் பின்னர் ‘விசிகால்க்’ என்ற விரிதாள் மென்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் நிறுவனர். பொருளடக்கத்தைப் படித்தாலே அன்றைய வாசகரின் முகம் தெரிந்துவிடுகிறது. கையில் காசு குறைவு, மேசையில் இரும்புக்கடைச் சாமான், தலையில் தீராத ஆசை.

இதழ் பிறந்த சில மாதங்களிலேயே வீட்டுச் சண்டை. நிறுவனம் கிரீனின் முன்னாள் மனைவி வர்ஜீனியாவின் பெயரில் பதிவாகியிருந்தது. ஒருநாள் அலுவலகத்துக்குப் போனால் ஊழியர்களும் இல்லை, தயாராகிக்கொண்டிருந்த ஜனவரி இதழும் இல்லை, எல்லாம் இடம் மாறிவிட்டன என்று கிரீன் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவர் தரப்பு. யார் பக்கம் நியாயம் என்ற வழக்கு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு யாருக்கும் தேவையில்லை. ‘பைட்’ வர்ஜீனியாவிடம் தங்கியது, ஹெல்மர்ஸும் அங்கேயே இருந்தார். கிரீன் சும்மா இருக்கவில்லை. ‘கிலோபைட்’ என்ற பெயரில் போட்டி இதழ் தொடங்கப் பார்த்தார். அந்தப் பெயருக்கு எதிர்த்தரப்பு முட்டுக்கட்டை போடவே, 1977 ஜனவரியில் ‘கிலோபாட்’ என்று வந்தது. ‘80 மைக்ரோ’, ‘இன்சைடர்’, ‘ரன்’ என்று அடுத்தடுத்து அவர் நடத்திய இதழ்களும் சேர்ந்து, பீட்டர்பரோவைக் கணினிப் பத்திரிகைகளின் ஊராக்கின.

‘பைட்’ மூன்று இதழ்கள்தான் கண்டிருந்தது, அதற்குள் ஒரு பத்திரிகை செய்யும் வேலையா இது என்று கேட்க வைக்கும் ஒன்றைச் செய்தது. அன்றைக்கு நிரலைச் சேமிக்க இருந்த வழி டெலிடைப் இயந்திரத்தின் காகித நாடா. அந்த இயந்திரத்தின் விலை ஆல்டேரைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆனால் எல்லார் வீட்டிலும் பாட்டுக் கேட்கும் கேசட் ரெக்கார்டர் இருந்தது. அதில் நிரலைப் பதிய ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவரின் கேசட் இன்னொருவர் இயந்திரத்தில் ஓடாது. 1975 நவம்பர் 7, 8 தேதிகளில் மிசௌரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டியில் ‘பைட்’ ஒரு கூட்டம் கூட்டியது. கணினிப் பெட்டி விற்கும் நிறுவனத்தார் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். டான் லான்காஸ்டர் முன்வைத்த யோசனையை அடிப்படையாகக் கொண்டு, லீ ஃபெல்சன்ஸ்டைனும் ஹரால்டு மாக்கும் தரநிலையை எழுதி முடித்தார்கள். இரண்டே நாள் கூட்டத்தில் விளைந்தது ‘கேன்சஸ் சிட்டி தரநிலை’. அரசு அமைப்புகளிடம் கொடுத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும்.

அதன் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கேசட் ரெக்கார்டர் பேச்சுக்கும் பாட்டுக்கும் செய்யப்பட்டது. அதன் தலைப்பகுதி காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை மட்டுமே உணரும். மின்னழுத்தத்தை ‘1’ என்று உயர்த்தி அப்படியே வைத்திருந்தால் டேப்புக்கு அது நிசப்தம். ஆகவே பிட்டை ஒலியாக மாற்ற வேண்டும். 0 என்றால் 1200 ஹெர்ட்ஸ் ஒலியில் நான்கு சுற்று, 1 என்றால் 2400 ஹெர்ட்ஸ் ஒலியில் எட்டு சுற்று. இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான்: ஒரு நொடியில் 300-இல் ஒரு பங்கு. ஒரு சுருதி இன்னொன்றின் சரியாக இரு மடங்கு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மலிவான ரெக்கார்டரில் டேப் சீரான வேகத்தில் ஓடாது. பேட்டரி இறங்கினால் பாட்டு இழுக்குமே, அதே கோளாறு. ஆனால் டேப் மெதுவாக ஓடினால் இரண்டு ஒலிகளும் ஒரே விகிதத்தில் இறங்கும். வாங்கும் சர்க்யூட் தனக்கென்று கடிகாரம் வைத்துக்கொள்ளாமல், வரும் ஒலியிலிருந்தே தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்படி அமைத்தால் வேகம் ஏறி இறங்கினாலும் பிட் பிசகாது.

வேகம்தான் அழ வைக்கும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மொத்தம் 11 பிட். நொடிக்கு 300 பிட் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 27 பைட். 8 கிலோபைட் அளவுள்ள பேசிக் மொழியை ஏற்ற ஐந்து நிமிடம் ‘கீ…’ என்ற கூச்சலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்படியும் அது பிழைத்தது. பின்னால் வந்த பிரிட்டனின் பிபிசி மைக்ரோவும் ஜப்பானிலிருந்து கிளம்பிய எம்எஸ்எக்ஸ் கணினிகளும் அதே 1200, 2400 ஹெர்ட்ஸ் ஒலிகளை வேகம் கூட்டிப் பயன்படுத்தின.

நிரல் ஒலியாகிவிட்டால் அதை எதில் வேண்டுமானாலும் ஏற்றலாம் அல்லவா? 1977 மே மாதம் ‘இன்டர்ஃபேஸ் ஏஜ்’ என்ற போட்டி இதழ், மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு ஒன்றை உள்ளே வைத்துத் தைத்து அனுப்பியது. கிராமஃபோனில் போட்டால் சுமார் ஆறு நிமிடம் கூச்சல். அந்தக் கூச்சல்தான் மோட்டரோலா 6800 சிப்புக்கான பேசிக் மொழி. நெதர்லாந்து வானொலி 1980-களில் நிரல்களை இதே பாணியில் ஒலிபரப்பியது. நேயர்கள் ரேடியோவிலிருந்து கேசட்டில் பதிந்து, கணினியில் ஓட்டினார்கள். ‘பைட்’ தன் பங்குக்கு நிரல்களைப் பட்டைக் குறியீடாகவே அச்சிட்டுப் பார்த்தது. பக்கத்தின் மேல் ஒளிக்கோலை இழுத்தால் கறுப்பு வெள்ளைக் கோடுகள் பிட்டுகளாக மாறி உள்ளே போகும். யோசனை என்னவோ அழகானது. கோலை ஒரே சீராக இழுக்கும் கை வேண்டும், அந்தக் கோலையும் யாராவது செய்து விற்க வேண்டும். வாசகர்கள் மசியவில்லை.

கடைசியில் வென்றது எல்லாவற்றிலும் எளிய வழி: நிரலை அப்படியே அச்சிட்டுவிடுவது. வாசகர் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்ள வேண்டும். ‘கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்’ இதழைத் தொடங்கிய டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டுகளை ஒரு தலைமுறையே தட்டச்சு செய்து கற்றது. 1980-களின் தொடக்கத்தில் கமடோர், அட்டாரி போன்ற வீட்டுக் கணினிகள் பரவியபோது, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவிலிருந்து வந்த ‘கம்ப்யூட்!’ இதழ் இதில் கொடிகட்டிப் பறந்தது. ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, இன்னொருவர் தட்டுவது பல வீடுகளில் நடந்த காட்சி. வரி வரியாக வெறும் எண்கள் வரும். நூற்றுக்கணக்கான எண்களில் ஒன்று தவறினால் போதும், கணினி உறைந்துவிடும். எங்கே தவறு என்று மட்டும் சொல்லாது.

1983 அக்டோபரில் ‘கம்ப்யூட்!’ இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. ஒவ்வொரு வரியின் எழுத்துகளுக்கும் உரிய குறியெண்களைக் கூட்டி, ஒரு சரிபார்ப்பு எண்ணைத் திரையில் காட்டும் குட்டி நிரல். இதழில் அச்சான எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றாக இருந்தால் வரி சரி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஒரு ஓட்டை. 169 என்பதை 196 என்று தட்டிவிட்டால் என்ன ஆகும்? 1, 6, 9 ஆகிய இலக்கங்களின் குறியெண்கள் 49, 54, 57. கூட்டினால் 160. இடம் மாற்றிக் கூட்டினாலும் அதே 160. கை அவசரத்தில் எண்கள் இடம் மாறுவது தட்டச்சில் அடிக்கடி நடக்கும் பிழை, அதைத்தான் இந்தக் காவலாளி கண்டும் காணாமல் விட்டான். சில ஆண்டுகள் கழித்து வந்த திருத்திய பதிப்பு, ஒவ்வொரு எழுத்தின் இடத்தையும் கணக்கில் சேர்த்தது. முதல் எழுத்தை ஒன்றாலும் இரண்டாவதை இரண்டாலும் மூன்றாவதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 169-க்கு 328 வருகிறது, 196-க்கு 325. பிழை மாட்டிக்கொள்ளும். புத்தகங்களின் ஐஎஸ்பிஎன் எண்ணிலும் கடன் அட்டையின் எண்ணிலும் இருப்பது இதே தத்துவம். அதைப் பாடமாகப் படிக்காமலே, விளையாட்டு ஒன்று ஓட வேண்டும் என்ற அவசரத்தில் பதின்வயதினர் பலர் தெரிந்துகொண்டார்கள்.

மறுபடி ‘பைட்’. அதன் முகம் ராபர்ட் டின்னியின் அட்டை ஓவியங்கள். லூசியானாவில் இருந்து வரைந்த அவருக்கு, இல்லாத ஒன்றை நம்பும்படி வரையும் கை. 1981 ஏப்ரல் இதழின் அட்டையில் ஒரு கைக்கடிகாரம்: அதில் குட்டித் திரை, குட்டி விசைப்பலகை, பக்கவாட்டில் குட்டி ஃபிளாப்பி. எதிர்காலக் கணினி எங்கே போய் உட்காரும் என்பதைச் சரியாகப் பிடித்தவருக்கு ஃபிளாப்பியை மட்டும் விட மனமில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் அட்டையில் ஒரு தீவிலிருந்து வண்ண பலூன் ஒன்று மேலெழும்புகிறது. அது ஸ்மால்டாக் என்ற நிரல்மொழிக்கான சிறப்பிதழ். மூன்றாண்டுகளுக்கு முன் பாஸ்கல் மொழிச் சிறப்பிதழின் அட்டையில் அவர் வரைந்த வரைபடத்தில் ஸ்மால்டாக் எட்டாத தீவாக இருந்தது. இப்போது பலூனில் ஏறி வெளியுலகுக்குப் புறப்படுகிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் அடேல் கோல்ட்பெர்க், டான் இங்கால்ஸ் முதலானோர் உருவாக்கி வைத்திருந்த மொழி அது. மவுஸால் இயக்கும், ஒன்றின் மேல் ஒன்றாகத் திறக்கும் சன்னல்கள் அதனோடு பிறந்தவை. ஆப்பிளின் லிசா சந்தைக்கு வர இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. பச்சை எழுத்துத் திரையில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருந்தவர்களின் கைக்கு, அந்த ஆய்வகத்தினரே எழுதிய கட்டுரைகள் சில டாலருக்குக் கிடைத்தன.

இதுதான் ‘பைட்’டின் தனிக்குணம். எழுதியவர்கள் பலரும் அந்தப் பொருளைச் செய்தவர்கள். ஆப்பிள் 2 கணினியின் உட்புறத்தை 1977 மே இதழில் விவரித்தவர் அதை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக். தாம் கட்டற்ற மென்பொருளை ஏன் எழுதுகிறோம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986 ஜூலை இதழின் நேர்காணலில் விளக்கினார். அப்போது வெளியே அவர் பெயர் தெரிந்தவர்கள் சொற்பம். 1977 நவம்பர் முதல் ஸ்டீவ் சியார்சியா எழுதிய ‘சர்க்யூட் செல்லர்’ பத்தி, கனெக்டிகட்டில் அவர் வீட்டு நிலவறையில் கட்டிய கருவிகளைப் பற்றியது. ஐபிஎம் பிசி-க்கு ஒத்த ஒரு கணினியையே வாசகர்கள் கட்டிக்கொள்ள மூன்று இதழ்களில் வழிகாட்டியவர் அவர். தமக்குப் பிடித்த நிரல்மொழி சாலிடர் என்பார். மறுமுனையில் ஜெர்ரி பூர்னெல், அறிவியல் புனைகதை எழுத்தாளர். தம் கணினிக்கு எசெக்கியேல் என்று பெயர் வைத்து, அது தம்மைப் படுத்திய பாட்டை மாதாமாதம் எழுதினார். பொறியாளர்கள் பலருக்கு அவர் பத்தி எரிச்சலூட்டியது, ஆனாலும் படித்தார்கள். கணினியை வாங்கி வேலை செய்ய முயலும் சாதாரண ஆளின் குரல் தொழில்நுட்ப இதழில் ஒலித்தது அநேகமாக அதுவே முதல் தடவை. இன்று யூடியூபில் பெட்டி பிரித்துக் காட்டுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் அவர் வாரிசுகள்.

1979-இல் மெக்ரா-ஹில் நிறுவனம் ‘பைட்’டை வாங்கியது. இதழ் பருத்தது. 1983 வாக்கில் ஒரே இதழ் 600 பக்கங்களைத் தாண்டியது. பாதிக்கு மேல் விளம்பரம். அதற்காக வாசகர் யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை. நினைவகச் சிப் என்ன விலை, எந்த டிஸ்க் டிரைவ் எங்கே கிடைக்கும் என்பதற்கு அந்த விளம்பரங்களை விட்டால் வேறு நாதியில்லை.

ஆனால் விளம்பரம் சொல்வதில் எதை நம்புவது? இங்கேதான் ‘பைட்’ இன்னொரு பாகத்தைச் செய்து கொடுத்தது: அளவுகோல். 1981 செப்டம்பரில் ஜிம் கில்பிரெத் ஒரு சிறு நிரலை வெளியிட்டார். பகா எண்களைக் கண்டுபிடிக்க, கிரேக்கரான எரடோஸ்தனீஸின் பெயரில் வழங்கும் பழைய சல்லடை முறை அது. 3 முதல் 16383 வரையுள்ள ஒற்றைப்படை எண்களை வரிசையாக வைத்து, 3-இன் மடங்குகளை அடித்து, 5-இன் மடங்குகளை அடித்து, இப்படியே போனால் கடைசியில் எஞ்சுபவை பகா எண்கள். விடை எப்போதும் 1899. அதைப் பத்து முறை திரும்பச் செய்து நேரத்தைக் குறிக்க வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் இதில் வேண்டியதில்லை, கூட்டல் போதும் என்பதால் எந்தக் குட்டி இயந்திரத்திலும், எந்த மொழியிலும் எழுதிவிடலாம்.

கில்பிரெத்தும் வாசகர்களும் அனுப்பிய முடிவுகள் திகைப்பூட்டின. ஆப்பிள் 2-இல் இருந்த அதே 6502 சிப்பில், இயந்திரமொழிக்கு நெருக்கமான அசெம்பிளியில் எழுதினால் சுமார் 14 நொடி. பேசிக் மொழியில் எழுதினால் அரை மணி நேரத்துக்கு மேல். இயந்திரத்தின் வேகம் என்று தனியாக ஒன்று இல்லை, மொழியும் அதை இயந்திரமொழியாக்கும் கம்பைலரும் சேர்ந்ததுதான் வேகம் என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அந்த அட்டவணை நன்றாகப் புரியவைத்தது. 1983 ஜனவரியில் இன்னும் நீளமான பட்டியல் வந்தது. அதற்குள் வியாபாரிகள் விழித்துக்கொண்டார்கள். சல்லடையில் மட்டும் பறக்கும்படி கம்பைலர்களைச் சீவிச் சிங்காரித்தார்கள். எந்த அளவுகோலும் பிரபலமான மறுகணம் வளைக்கப்படும், இதுவும் தப்பவில்லை. 1990-களில் ‘பைட்’ உருவாக்கிய ‘பைட்மார்க்’ சோதனைத் தொகுப்புக்கும் அதே கதிதான். ஒரு நத்தையின் முதுகில் பென்டியம் 2 சிப்பை ஏற்றி ஊரவிட்டு, தங்கள் ஜி3 சிப் இரு மடங்கு வேகம் என்று ஆப்பிள் போட்ட விளம்பரத்துக்கு ஆதாரம் அந்தத் தொகுப்பின் முழு எண் கணக்கு. மற்ற சோதனைகளில் வித்தியாசம் அவ்வளவு இல்லை என்ற விஷயம் விளம்பரத்தில் இடம்பெறவில்லை.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. ‘பைட்’ அதை 1982 ஜனவரியில் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து எழுதியது. அந்தப் பெட்டி தன்னையும் மெல்லப் பிரித்துவிடும் என்று அப்போது தெரிந்திருக்காது. பிசி-யும் அதன் நகல்களும் சந்தையை நிரப்பியபோது வாங்குபவர் மாறினார். அவருக்குச் சர்க்யூட் வரைபடம் வேண்டாம், எந்த பிரிண்டர் வாங்கலாம் என்று தெரிந்தால் போதும். 1982-இல் தொடங்கிய ‘பிசி மேகசின்’ அந்த வாசகரை அள்ளிக்கொண்டது. பிரிண்டர் விற்கிறவர்களுக்கும், பிரிண்டர் வாங்கும் ஆட்கள் மட்டும் படிக்கும் இதழ்தான் லாபம். எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும், நிரல்மொழியானாலும், சிப்பானாலும் எழுதுவேன் என்ற ‘பைட்’டின் பரந்த மனசு விளம்பரதாரருக்கு வீண்செலவாகத் தெரிந்தது. கருவி கட்டும் கட்டுரைகளைக் குறைத்துப் பொருள் விமர்சனங்களைக் கூட்டினார்கள். 1985-இல் ‘பிக்ஸ்’ என்ற கணினி வழி உரையாடல் சேவையையும் தொடங்கினார்கள், தொலைபேசிக் கம்பி வழியே எழுத்தாளரும் வாசகரும் நேரடியாகச் சண்டை போட்டுக்கொள்ளும் வசதியோடு. ஒரு விதத்தில் தன் வேலையைத் தானே இன்னொன்றுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இதழ். மாதம் ஒருமுறை கடிதப் பகுதியில் நடந்தது இப்போது இரவே முடிந்துவிடும்.

1998 மே மாதம் சிஎம்பி என்ற நிறுவனம் ‘பைட்’டை வாங்கியது. ஜூலை இதழோடு அச்சை நிறுத்தி, கிட்டத்தட்ட எல்லா ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பியது. இணையத்தில் அந்தப் பெயரைப் பிறகு இரண்டு தடவை உயிர்ப்பித்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ‘பிசி மேகசின்’ அச்சும் நின்றுபோனது. தாளில் கணினி இதழுக்கு எதிர்காலமே இல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். ‘பைட்’டைப் போலவே சிப்பையும் நிரலையும் திறந்து பார்க்கும் பழக்கத்தோடு 1983-இல் ஜெர்மனியில் தொடங்கிய ‘சி’ட்டி’ இதழ், சொந்த ஆய்வகத்தில் சோதித்து எழுதும் வழக்கத்தை விடாமல் இந்த நூற்றாண்டிலும் அச்சாகி வந்திருக்கிறது.

ஸ்டீவ் சியார்சியாவின் கதை இன்னும் சுவாரசியம். கருவி கட்டும் கட்டுரைகளுக்கு ‘பைட்’டில் இடம் சுருங்கியபோது, 1988-இல் அவர் வெளியேறித் தன் பத்தியின் பெயரையே வைத்து ‘சர்க்யூட் செல்லர்’ என்று தனி இதழ் தொடங்கினார். வாசகர் எண்ணிக்கை ‘பைட்’டின் பக்கத்தில்கூட வராது. சாலிடரிங் கோலைக் கீழே வைக்காதவர்களுக்கு மட்டுமான இதழ் அது. ‘பைட்’ மூடிய பிறகு கால் நூற்றாண்டு தாண்டியும் அது சர்க்யூட் வரைபடங்களை அச்சிட்டுக்கொண்டிருந்தது.